இடுப்புப் பட்டியில் தைத்த பணம்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் கேட்பவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பெண்டாட்டி மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்தே பேச்சுக் கொடுத்து, பயம் தெளியவைத்து, பத்திரமாக இறக்கிவிடுவதில் அத்தானை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பெயர். அந்தப் பொறுமையெல்லாம் வேலை நேரத்தோடு சரி. மற்ற நேரத்தில் கோபம் வந்தால் கத்த மாட்டார், திட்ட மாட்டார். எழுந்து நடந்துவிடுவார். எங்கே இருக்கிறோம், கூட யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

கல்யாணமான புதிதில் சினிமா தியேட்டரில் பாதிப் படத்தில் எழுந்து போனார். பிறகு ஒருமுறை எங்கள் அம்மாவைப் பார்க்க வந்த ஆஸ்பத்திரியில், ஒருமுறை ஜவுளிக்கடை வாசலில், ஒருமுறை வேறு ஊரில் பஸ் மாறும் இடத்தில். பர்ஸ் எப்போதும் அவரிடம்தான். அக்கா ஒவ்வொரு தடவையும் யாரோ முகம் தெரியாத ஒருத்தியிடம் பஸ் காசுக்குக் கை நீட்டி வீடு வந்து சேர்ந்திருக்கிறாள். வந்து பார்த்தால் அவர் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "வந்துட்டியா, டீ போடு" என்பார். அதோடு சண்டை தீர்ந்ததாக அர்த்தம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவோ அவருக்கு வக்கீல்.

"கோவம் வந்தா அவருக்குக் கண்ணு மண்ணு தெரியாதுடி. இவ எப்படி வீட்டுக்கு வருவான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா விட்டுட்டுப் போவாரா? அந்த நேரத்துல அவருக்கு ஒண்ணுமே தோணாது, அவ்வளவுதான்."

அதை அவள் சொல்கிற விதத்தில் எனக்கே சில சமயம் உண்மையாக இருக்குமோ என்று தோன்றியிருக்கிறது.

அக்கா ஒரு பெரிய துணிக்கடையின் பின்கட்டில் ஆல்டரேஷன் பார்க்கிறாள். வாங்கிய உடையை உடம்புக்குத் தகுந்தபடி பிடிப்பது, பிரிப்பது, மடிப்பது. ட்யூப் லைட் வெளிச்சம், இஸ்திரி மேஜை, இரண்டு தையல் மிஷின், ஆள் ஒருவர் திரும்ப முடியாத இடம். வாய் நிறைய ஊசியைக் கடித்துக்கொண்டு தரையில் மண்டி போட்டு வாடிக்கையாளரின் கால்சட்டை நீளத்தைக் குறிப்பாள். எதை மடித்துத் தைத்தாலும் உள்ளே அரை அங்குலம் துணி விடாமல் தைக்க மாட்டாள். நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்பாள். கடையில் அவளுக்குப் பெயரே அரையங்குலம். முதலாளி முதல் வாட்ச்மேன் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளுடைய சம்பளம் பேங்குக்குப் போகும். அந்த பேங்க் கார்டு அத்தானின் சட்டைப்பையில் இருக்கும்.

போன வருடம் அத்தானின் கம்பெனியில் நீண்ட நாள் வேலை பார்த்தவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் பரிசு என்று அறிவித்தார்கள். மனைவியோடு போய்வரலாம். டிக்கெட்டும் ஹோட்டலும் கம்பெனி செலவு, கைச்செலவு அவரவர் பாடு. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை என்று நினைத்து நான் ஓடினால், அவள் சமையலறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அங்க எங்கயாவது விட்டுட்டுப் போயிட்டா என்னடி பண்றது?" என்றாள். "எனக்கு அந்த ஊரு பாஷையும் தெரியாது."

முப்பது வருடத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள்.

கைச்செலவுப் பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்று வீட்டில் ஒரு வாரம் மாநாடு நடந்தது. அத்தானின் கூட்டாளிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நோட்டாகவே எடுத்துப் போ, கார்டு அங்கே வேலை செய்யாமல் போனால் தெருவில்தான் நிற்பாய் என்றார் ஒருவர். நோட்டு எடுத்துப் போனால் பிக்பாக்கெட்காரன் சந்தோஷப்படுவான் என்றார் இன்னொருவர். கடைசியில் பயண ஏஜென்சிக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினார்கள். அந்தத் தெருவில்தான் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை. அதைச் சாக்காக வைத்து நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஏஜென்சிப் பெண் விவரமானவள். "பயண அட்டைன்னு ஒண்ணு இருக்கு சார். பணத்தை இங்கயே போட்டுட்டுப் போயிடலாம். கொஞ்சம் நோட்டாவும் வச்சுக்கோங்க. எல்லாத்தையும் ஒரே ஆள்கிட்ட வைக்காதீங்க. மேடம் பேர்ல இன்னொரு அட்டை போட்டுடறேன், அதுக்குத் தனியா கட்டணம் ஒண்ணும் இல்ல."

அக்கா மேஜையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அத்தான் சிரித்தார்.

"இவளுக்கு எதுக்கும்மா தனியா? நான்தான் கூடவே இருக்கப் போறேனே."

"ஒரு பாதுகாப்புக்குத்தான் சார்."

"அந்த ரகசிய நம்பரை இவ யார்கிட்டயாவது சொல்லித் தொலைச்சுடுவா. வேண்டாம்மா. ஒண்ணு போதும்."

நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை கேளேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் ஏஜென்சிச் சுவரில் இருந்த பனிமலைப் படத்தைக் கவனமாகப் பார்த்தாள். வெளியே வந்ததும் நான் வாயைத் திறக்க, அவள் என் கையைக் கிள்ளினாள். பயண அட்டையும் பாஸ்போர்ட்டும் அத்தானின் இடுப்புப் பைக்குள் போயின. வெளிநாட்டில் பேசுவதற்கான சிம்கூட அவருடைய போனுக்கு மட்டும்தான்.

பிறகு காதும் காதும் வைத்த மாதிரி ஒரு காரியம் நடந்தது. அக்காவின் கடையில் கல்லாவில் உட்காரும் அம்மாவின் மகன் அதே நாட்டில் இருக்கிறான். அவன் வந்து போனபோது விட்டுச்சென்ற நோட்டுகள் கொஞ்சம் அந்த அம்மாவிடம் இருந்தன. அவசரமாக மடித்துத் தரச் சொல்பவர்கள் கையில் திணித்துவிட்டுப் போகும் சில்லறையை அக்கா சேர்த்து வைத்திருந்தாள். அதைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டாள். எங்கே வைப்பது? கைப்பையில் வைக்க முடியாது. வீட்டுச் சாவி, மாத்திரை, பேனா எது வேண்டுமென்றாலும் அத்தான் அந்தப் பையைத்தான் குடைவார்.

பயணத்துக்கென்று அவள் தனக்கு ஒரு கால்சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அதன் இடுப்புப் பட்டிக்குள் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து வைத்து, மேலே இரட்டைத் தையல் போட்டாள். ஜீன்ஸ் தைக்கும் கெட்டி நூல். எதைத் தைத்தாலும் பிரிக்க வழி விட்டுத் தைக்கிறவள், இதை மட்டும் இந்த ஜென்மத்தில் பிரியாதபடி தைத்தாள். பயம் அப்படி. என்னிடம் தடவிப் பார்க்கச் சொன்னாள். நோட்டு இருப்பதே தெரியவில்லை.

"எடுக்கணும்னா?"

"குட்டிக் கத்திரி பையில இருக்குல்ல" என்றாள்.

அந்தக் குட்டிக் கத்திரியை ஏர்போர்ட்டில் சோதனை போடும் பெண் எடுத்துப் பார்த்து, முனை கூராக இருக்கிறது என்று ஒரு தொட்டியில் போட்டுவிட்டாள். அக்காவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் அத்தான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு நின்றார். போன இடத்தில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் அவரிடம்தான் கை நீட்ட வேண்டும், எதற்கு என்று கேட்பார். ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூன்றாம் நாள் வரை நன்றாகத்தான் சுற்றியிருக்கிறாள். ஏரி பார்த்தாள், படகில் போனாள். அத்தான் அவளுக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கிக் கொடுத்தார். அதையும் சொல்ல வேண்டும்.

நாலாம் நாள் ஒரு உயரமான கோபுரம். மேலே போக லிஃப்ட். அத்தானுக்கு ஊரைப் பார்ப்பதைவிட அந்த லிஃப்ட்டின் மிஷின் அறையைப் பார்க்க ஆசை. அங்கிருந்த காவலாளியிடம் தன் கம்பெனி அடையாள அட்டையைக் காட்டி, கையால் சக்கரம் சுற்றுவது போல் செய்து காட்டி, ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறார். பாவம், குழந்தை மாதிரி கேட்டார் என்றாள் அக்கா. காவலாளி முடியாது என்று தலையை ஆட்டினான். இவர் விடவில்லை. வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா அவருடைய முழங்கையைத் தொட்டாள்.

"விடுங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் அட்டையைப் பைக்குள் வைத்தார், ஜிப்பை மூடினார், அவளை ஒரு பார்வை பார்த்தார், கூட்டத்துக்குள் நடந்துவிட்டார்.

கோபுரத்தின் அடியில் அவள் வெகுநேரம் நின்றாள். குளிர் ஏறியது. ஹோட்டல் பெயர் அச்சடித்த உறையும் அதற்குள் அறைச் சாவி அட்டையும் அவளிடம் இருந்தன. ஆனால் ரயிலும் பஸ்ஸும் மாறி வந்த தூரம். போன் செய்ய வழியில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால் பஸ் காசு என்பதைக் கையால் எப்படிச் சொல்வது? பணமோ இடுப்பில் இறுக்கிக்கொண்டு இருக்கிறது. கழிப்பறைக்குள் போய் எப்படியாவது பிரித்துவிடலாம் என்று தேடிப் போனாள். வாசலில் ஒரு தடுப்புக் கம்பி. நாணயம் போட்டால்தான் திறக்கும். அந்த இடத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குச் சொல்லும்போது சிரித்தாள், அன்றைக்கு அழுதாள்.

அழுதுகொண்டே நடந்தவள் கண்ணில் ஒரு துணிக்கடை பட்டது. போட்டுப் பார்க்கிற அறைக்குக் காசு கேட்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? கைக்குக் கிடைத்த ஒரு பாவாடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். கால்சட்டையைக் கழற்றிப் பட்டியைப் பல்லால் கடித்தாள். அவள் போட்ட தையல் ஆயிற்றே, அசையுமா? சாவி அட்டையின் விளிம்பால் அறுத்தாள். நகம் உடைந்ததுதான் மிச்சம். அந்த நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அந்தக் கடைக்கும் ஒரு பின்கட்டு இருந்தது.

எடுத்துவந்த பாவாடையையே மாட்டிக்கொண்டு, கால்சட்டையைக் கையில் பிடித்தபடி, அங்கே போய் நின்றாள். மிஷினில் அவள் வயதுள்ள ஒரு பெண். அக்கா இரண்டு விரலைக் கத்திரி போல் ஆட்டினாள். அந்தப் பெண் கத்திரியைக் கொடுக்கவில்லை. கால்சட்டையை வாங்கித் தையலைப் பார்த்தாள், விரலால் தடவினாள், உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, நோட்டின் ஓரம் கிழியாமல் தானே பிரித்தாள். பிரித்து முடித்து, பணத்தை அக்காவின் கையில் வைத்து, அவளுடைய விரல்களை மடக்கிவிட்டாள். பட்டியை மறுபடி தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்பினாள். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

அக்கா தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாக டாக்சியில் போனாள். உறையைக் காட்டினாள், டிரைவர் தலையாட்டினான். ஜன்னல் வழியே ஊரைப் பார்த்துக்கொண்டு போனேன், நல்லா இருந்துச்சுடி, என்றாள். அத்தான் தேடிக்கொண்டிருப்பாரோ, போலீஸுக்குப் போயிருப்பாரோ என்று நடுநடுவே கவலை வேறு.

ஹோட்டல் முன்கூடத்தில் அவர் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு வழியே அவள் டாக்சிக்குப் பணம் கொடுத்து இறங்கியதைப் பார்த்திருக்கிறார். எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"டாக்சிக்குக் காசு ஏது?" என்றார்.

அக்கா லிஃப்ட்டைப் பார்க்க நடந்தாள். அறைக்குப் போன பிறகு மறுபடியும் கேட்டார். அவள் குளித்துவிட்டு வந்தபோது அவளுடைய பை கட்டில்மேல் கவிழ்ந்து கிடந்தது. மிச்ச நாட்கள் முழுக்க இருவரும் படங்களில் சிரித்தபடி நிற்கிறார்கள். நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஊருக்கு வந்த மறுநாள் மருந்துக்கடைக்கு வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் சொன்னாள். மாத்திரை வாங்க வந்தவர்களை அனுப்பி அனுப்பிவிட்டுக் கேட்டேன். முடித்ததும், நான் எப்போதும் போல அத்தானைத் திட்ட ஆரம்பித்தேன். அக்கா என் வாயை அடைத்தாள்.

"இரு. நீ கவனிக்கல. எப்படி வந்தேன்னு அவர் கேக்கல. பயந்தியான்னு கேக்கல. காசு ஏதுன்னு கேட்டார்."

"அதான் தெரிஞ்ச கதையாச்சே."

"எனக்குத் தெரியாதே. என்கிட்ட காசு இல்லங்கறது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கு. நடந்து போகும்போதும் இருந்திருக்கு, சோபாவுல உக்காந்திருக்கும்போதும் இருந்திருக்கு. தியேட்டர்லயும் தெரியும், ஆஸ்பத்திரியிலயும் தெரியும். தெரிஞ்சுதான் ஒவ்வொரு தடவையும் போயிருக்கார்."

இத்தனை வருடம் திட்டியவள் நான். இதை யோசித்ததில்லை.

ஒருவர் இருமல் மருந்து கேட்டு வந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அக்கா அழவில்லை. துணி அளவு கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"உன் வீட்டு முன் ரூம் காலியாத்தானே இருக்கு? அதுல ஒரு மிஷின் போட இடம் இருக்குமா?"

"இருக்கும்" என்றேன்.