நீலப் பக்கத்தில் வைத்த கை

பட்டனை அழுத்தியதும் தூசி சூடேறும் வாசனை ஒன்று வரும். ஆவடிக்கு அருகே கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்குக் கணினி வந்த அந்தக் கோடை முழுவதும் என் மூக்கில் அந்த வாசனைதான். கட்டட வரைபடம் படித்துக்கொண்டிருந்த அக்காவுக்காக நைனா வாங்கிய 'பொட்டி' அது. அதில் அவள் வரைந்த வீட்டைத் திருப்பிப் பார்க்கப் போனால், சுவர் ஒரு பக்கமும் கூரை ஒரு பக்கமுமாக விக்கி விக்கி நகரும். "படம் காட்ட இதுல தனி கார்டு இல்லம்மா, அவ்ளோதான் வரும்" என்றார் கடைக்காரர். "ஒதவாதத ஊட்ல வெச்சிகினு இன்னா பண்றது? ஞாயித்துக்கெழம திருப்பிக் குடுத்துடலாம்" என்றார் நைனா. அக்கா அன்று சாப்பிடவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பழைய கணினிப் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தேன்: தனி கார்டு இல்லாத பொட்டி, படத்துக்கான இடத்தைப் பொது நினைவகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும், எவ்வளவு என்பதை, பொட்டி எழும்பும்போது டெலீட் விசையைத் தட்டினால் வரும் நீலப் பக்கத்தில் நாமே ஒதுக்கலாம். "அதுல கை வெச்ச, பொட்டி பூடும், நான் பொறுப்பில்ல" என்று கடைக்காரர் மிரட்டிவிட்டுப் போன அதே பக்கம்தான். லாரித் தண்ணீரில் குடிக்க ஒரு குடத்தைத் தனியே எடுத்துவைக்கும்போதெல்லாம் அம்மா சொல்வாள், "பொதுவுல உட்டா ஆளுக்கொரு சொம்பு மொண்டுகினு பூடுவீங்க." அதைவிடத் தெளிவாக எந்தப் பத்திரிகையும் எனக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் கை வைத்தேன். இருந்ததிலேயே பெரிய அளவைப் படத்துக்கு ஒதுக்கினேன். வரைகிற மென்பொருள் திறக்கவே மறுத்தது. "எல்லாத்தையும் படத்துக்கே குடுத்துட்டா நான் எங்கடி வரையறது?" என்று அக்கா தலையில் குட்டினாள். ஒரு படி குறைத்தேன். வீடு வழுக்கிக்கொண்டு சுற்றியது: வாசல், படிக்கட்டு, மொட்டைமாடி. பின்னால் நின்று பார்த்த நைனா, "யாரக் கேட்டுகினு தொட்ட?" என்றார். "யாரையும் கேக்கல நைனா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை பொட்டி எங்கும் போகவில்லை.

இன்று அம்பத்தூர் அடுக்ககத்தில் என் மேசைமேல் இருக்கும் மடிக்கணினியில் அப்படி நாமே ஒதுக்குகிற பக்கமே இல்லை. "அதுவே பாத்துக்கும் மேடம், நீங்க ஏன் கவலப்படுறீங்க" என்கிறார் விற்றவர். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என்னுடையதில் எதற்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் உரிமையை எடுத்துக்கொண்டு, அதற்கு வசதி என்று பெயர் வைத்தால் நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. அடுத்த முறை வாங்கும்போதும், ஒதுக்குகிற பக்கம் எங்கே என்று கடையில் கேட்கத்தான் போகிறேன்; எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.