கம்பளிக்காரன் எங்கிருந்து வந்தான்

கம்பளிக்காரனைப் பற்றி என்னிடம் வாதாட வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது. நான் லேசில் விடமாட்டேன்.

பழைய தமிழ்ச் சித்திரக்கதை ஒன்றின் நாயகன் அவன். மழை பெய்தால்தான் வருவான். தலையிலிருந்து கால்வரை கம்பளி. முகத்தை யாரும் பார்த்ததில்லை, நிழலும் விழாது. ஆபத்தில் கிடப்பவர்களைக் காப்பாற்றிவிட்டுப் போய்விடுவான். பத்திரிகை எப்போதோ நின்றுபோனது; அவன் யார், எங்கிருந்து வந்தான் என்று சொல்லும் இதழ்கள் மற்ற வாசகர்கள் யாரிடமும் இல்லை. அதனால் மும்பைத் தமிழ் வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவில் இன்றுவரை அடிதடி. போரில் செத்த சிப்பாய் என்பார் ஒருவர், முனிவரின் சாபம் என்பார் இன்னொருவர். நான் செம்பூர் அலுவலகத்தில் டிபன் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு எல்லோருக்கும் பதில் எழுதுவேன். சோறு ஆறிப்போகும்.

எனக்கு இதில் ஊகம் எதுவும் கிடையாது, எல்லா இதழும் சேர்த்துத் தைத்த புத்தகம் எங்கள் வீட்டில் இருக்கிறது. கதையே அதுதானே! முதலில் ஆற்றங்கரையில் ஒரு கபர், அதாவது புதைகுழி, திறக்கிறது. அதிலிருந்து கந்தல் கம்பளியோடு எழுந்து வருகிறான். போகப் போகக் கம்பளியின் ஓட்டைகள் தாமாக மூடிக்கொள்கின்றன. கடைசியில் கம்பளி புத்தம்புதிதாக இருக்கிறது, அவன் சின்னப் பிள்ளையாக வாசலில் நிற்கிறான், அம்மா அவனை அணைத்துக்கொள்கிறாள். செத்தவன் நடந்து நடந்து வீடு வந்து சேர்ந்தான். இதைப் போய்ப் புரியவில்லை என்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

"அக்கா, நீங்க உல்டா படிச்சிட்டீங்க போல," என்று குழுவில் ஒரு பெண் சிரிப்புப் படம் போட்டாள். குழுவினர் மாட்டுங்காவில் நேரில் கூடுவதாக அறிவித்தபோது, புத்தகத்தைக் கொண்டுபோய் இவர்கள் வாயை அடைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு செய்தேன்.

அந்தப் புத்தகம் என் காக்காவுடையது. காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணன். தாராவியில் ரத்திக் கடைக்கு, அதாவது பழைய பேப்பர் கடைக்கு வரும் அட்டை கிழிந்த இதழ்களைப் பொறுக்கி, வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். என்னைத் தொடவிடமாட்டான், கஞ்சன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து மூன்றாம் நாளே போய்விட்டான். அதற்குப் பிறகு வாப்பா தன் தோல்பை பட்டறையில் அந்த இதழ்களை எல்லாம் ஒன்றாகத் தைத்து, ஆட்டுத்தோலில் அட்டை போட்டுக் கொண்டுவந்தார்.

உம்மாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. நான்தான் வாசித்துக் காட்டினேன். பேச்சையே விட்டிருந்த உம்மா, கடைசிப் பக்கத்துக்கு வந்ததும், "புள்ள வீடு வந்து சேந்துட்டான்லா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு ஒழுங்காக உண்டாள். இன்றும் மழை பிடித்துக்கொண்டால் அந்தக் கதைதான் வேண்டும் அவளுக்கு.

மாட்டுங்காவில் ஒரு வீட்டு மாடியில் கூடியிருந்தோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பிறகு திருப்பி, பின்னட்டையைத் தடவிப் பார்த்தார். அங்கே தோலில் அழகாக ஒரு பூ பதித்திருந்தது.

"இதை யாரும்மா பைண்ட் பண்ணினா?"

"எங்க வாப்பா."

"அவர் தமிழ் வாசிப்பாரோ?"

"எழுத்துக்கூட்டி வாசிப்பாங்க. குர்ஆன் நல்லா ஓதுவாங்க."

"அதான் பாரும்மா," என்றார் அவர், மெதுவாக. "அவருக்குப் புஸ்தகம்னா குர்ஆன் மாதிரி வலப்பக்கத்திலேர்ந்து திறக்கறதுதானே. பூ இருக்கறதுதான் முன்னட்டை. முதல் இதழை அங்கே வெச்சுத் தைச்சிருக்கார். நீ பின்னாலேர்ந்து வாசிச்சிருக்கே."

அவர் விடாமல், ஓர் இதழின் கடைசிப் பக்கத்தில் 'அடுத்த இதழில்' என்று அறிவித்த காட்சி, என் வாசிப்பில் அதற்கு முந்தின இதழில் இருந்ததையும் காட்டினார். சண்டை போட வழியே இல்லை. அம்மா புதுக் கம்பளி போர்த்தி மழையில் அனுப்பி வைக்கும் பிள்ளைதான் ஆரம்பம். கம்பளி நைந்து கிழிந்து, கபருக்குள் போய் அவன் படுத்துக்கொள்வதுதான் முடிவு. அணைக்கிறாள் என்று நான் நினைத்தது, வழியனுப்புவது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை, நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். "உங்க வரிசையில முடிவு அவன் சாவுதான்," என்றேன். "எங்க வீட்ல ஒருத்தன் செத்தது போதும்."

தாராவி வரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் வாப்பா மேல் கோபம், இத்தனை வருடம் பார்க்காத என் கண் மேல் கோபம். உம்மாவிடம் மறைக்கலாம்தான். ஆனால் அவளிடம் மறைத்துவிட்டு அந்தக் கதையை இனி எந்த வாயால் வாசிப்பேன்? சொல்லிவிடுவது என்று தீர்மானித்தே படியேறினேன்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வாப்பா தலைமாற்றித் தைத்துவிட்டதை, புதுக் கம்பளியை, கபரை. உம்மா பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ பத்திரிகைக்காரங்கதான் தப்பாத் தைச்சு வச்சிருக்காங்க," என்றாள் உம்மா. "உக்காரு. வாசி."