நூற்றிருபது செயின்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனாவை எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது என் பேரைக் கேட்டாலே பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். அன்றைக்கு பஸ்ஸில் என்ன நடந்தது என்று எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. எழுதினால் பிடிபடுமோ என்று பார்க்கிறேன்.

எனக்குக் குரோஷா போடுகிற பழக்கம் உண்டு. நுனியில் கொக்கி வைத்த ஒரு ஊசி, ஒரு நூல் உருண்டை, அவ்வளவுதான். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதில் சொல்லித்தருகிற பெண் வலக்கையால் போடுவாள், நான் இடக்கைக்காரி. ரொம்ப நாள் வரைக்கும் நான் போட்டதெல்லாம் ஏன் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகிறது என்று தெரியாமலே போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படியில் உட்கார்ந்து போட்டால் குக்கர் விசிலும் பின்னல் கணக்கும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பருப்பு கரைந்து தண்ணீராகிவிடும், பின்னலில் கண்ணி குறைந்திருக்கும். "இது தொப்பியா, பையா?" என்று வீட்டுக்காரர் தூக்கிப் பார்த்துக் கேட்பார். பாதி வேலையில் இருக்கும்போது அது எனக்கும் தெரியாது. "முடியட்டும், பார்ப்போம்" என்பேன்.

பூந்தமல்லியில் இருக்கும் என் தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவளுக்குச் சமைத்து வைப்பதற்காக ஆவடியிலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறினேன். குரோஷாவுக்கு பஸ்ஸைப் போல வசதியான இடம் கிடையாது. யாரும் நம்மிடம் பேச மாட்டார்கள், நாமும் பேச வேண்டாம். ஜன்னலோரம் கிடைத்தால் ஒரு வரிசை முடித்துவிடலாம்.

தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு விரிப்பு போடலாம் என்று அன்றைக்குத்தான் தொடங்கினேன். எதைப் போடுவதானாலும் முதலில் கண்ணிக்குள் கண்ணி கோத்து நீளமாக ஒரு சரம் போட வேண்டும். அதற்குப் பேர் செயின். வீடியோவில் அப்படித்தான் சொல்வாள்; நானும் அப்படித்தான் சொல்வேன். அந்த விரிப்புக்கு நூற்றிருபது செயின். பருத்திப்பட்டு ஏரி தாண்டும்போது எண்ணி முடித்தேன். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். சரியாக இருந்தது. என் கணக்கு முதல் தடவையே சரியாக வருவது அபூர்வம். மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் குறுக்கே யாரோ வண்டியில் வர, டிரைவர் பிரேக் போட்டார். ஊசி கண்ணியிலிருந்து கழன்றுவிட்டது. உருண்டை மடியிலிருந்து விழுந்து கூட்டத்தின் கால்களுக்கு நடுவே ஓடியது. யார் காலிலோ நூல் மாட்டி இழுபட்டது. செயினில் ஒரு கண்ணி அவிழ்ந்தால் போதும், இழுக்க இழுக்க அத்தனையும் வந்துவிடும். என் கண் முன்னாலேயே அது சரசரவென்று அவிழ்ந்து வெறும் நூலாகிவிட்டது.

"ஐயோ, என் செயின் போச்சே!"

நான்தான் கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் பிரசவத்தில்கூடக் கத்தியதில்லை.

கண்டக்டர் நீளமாக ஒரு விசில் கொடுத்தார். "அண்ணே, டோர மூடு! ஒருத்தரும் எறங்கக் கூடாது. செயின் அட்ச்சிட்டானுங்க!" கதவு இரண்டும் மூடிக்கொண்டன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து சீட்டு அம்மா என் கழுத்தைத் தடவி, "வெறுங்கழுத்தா கீதே, தாலியையும் சேத்து அறுத்துட்டாங்களே!" என்று அழுகிற குரலில் சொன்னார். எங்கள் கிறிஸ்தவ சபையில் பெண்கள் நகை போட மாட்டோம், தாலியும் கிடையாது. கல்யாணத்தன்றே என் கழுத்து வெறுங்கழுத்துதான். இந்த அம்மா எதற்காக என் கழுத்தைத் தடவுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் கீழே குனிந்து உருண்டையைத் தேடிக்கொண்டிருந்ததில் அவர்கள் பேசியது பாதிதான் காதில் ஏறியது.

உருண்டை என் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண்ணின் கையில் இருந்தது. எனக்காகக் குனிந்து எடுத்தவள் அவள்தான். முப்பது வயது இருக்கும். எடுத்த கையோடு, தன் நிறுத்தம் வந்துவிட்டதைப் பார்த்துக் கதவுப் பக்கம் திரும்பி, "எறங்கணும் வழி வுடுங்க" என்றாள். ஒருவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தம்மா மேல வுயுந்து குனிஞ்சது நீதான? நான் பாத்துகினேதான் இருந்தேன். இப்ப இன்னா அவசரம் எறங்குறதுக்கு?"

"கைய வுடு நைனா. எம் பொண்ணுக்கு ஜுரம்னு ஸ்கூல்லருந்து போன் பண்ணாங்க. வாந்தி எடுத்துகினு தனியா உக்காந்துகினு கீதாம். இதான் ஸ்டாப்பு."

"எல்லாரும் இப்டித்தான் சொல்லுவாங்கோ. பைய காட்டு."

"அண்ணே, நேரா ஸ்டேஷனுக்கு வுடு" என்றார் கண்டக்டர். வண்டி கிளம்பியது. அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் ஜன்னலில் பின்னால் போனது. "அய்யோ, எம் பாப்பா!" என்று அவள் கண்ணாடியில் தட்டினாள்.

அவளைப் போலீஸுக்குக் கொண்டு போகிறார்கள் என்பது மட்டும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எதற்காக என்று புரியவில்லை. உருண்டையை எடுத்ததற்கா? அதை எடுத்துக் கொடுக்கத்தானே குனிந்தாள்? "அவங்க ஒண்ணும் பண்ணல" என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பயப்படாதம்மா" என்று கண்டக்டர் என்னிடம் குனிந்தார். "எத்தினி இருக்கும்?"

செயினைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். செயினைத்தான் கேட்டார்.

"நூத்தி இருபது" என்றேன்.

கண்டக்டர் சட்டென்று நிமிர்ந்தார்.

"கிராமா?"

"இல்லீங்க. செயின். இப்பதான் எண்ணினேன், ரெண்டு தடவ."

பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர், "நூத்தி இருபது செயின மாட்டிகினு ஃப்ரீ பஸ்ல வருதாம், இன்னா தைரியம்!" என்றார். யாரோ சிரித்தார்கள். கழுத்தைத் தடவிய அம்மா கையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். இவர்கள் கழுத்துச் செயினைச் சொல்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு வழி தெரியாமல் அவிழ்ந்து கிடந்த நூலை அள்ளி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினேன். அதன் மறுமுனை அந்தப் பெண்ணின் கையிலிருந்த உருண்டையில் இருந்தது. "இதுதாங்க செயின். இதுதான் போச்சு. நான் நகையே போட மாட்டேன். அவங்கள விட்டுடுங்க. அவங்க பொண்ணுக்கு ஜுரம்." இவ்வளவையும் நான் ஒரே மூச்சில் சொன்னேன் என்பதை இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

மணிக்கட்டைப் பிடித்தவர் கையை விட்டார். "த்தூ, நூலுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? செயினுன்னா நாங்க இன்னான்னு நெனைக்கிறது?" என்று என்னைத்தான் திட்டினார். கண்டக்டர், "யம்மா, இனிமே பஸ்ல ஊசி நூல எடுத்தா எறக்கி வுட்ருவேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்தமில்லாத இடத்தில் விசில் கொடுத்தார்.

கதவு திறந்தது. அந்தப் பெண் என் பக்கம் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்துத் தோளைக் குறுக்கினேன். உருண்டையை என் மடியில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். "நீ மொதல்லயே வாயத் தொறந்துருக்கலாம்லக்கா" என்றாள். இறங்கி, வந்த திசையிலேயே வெயிலில் ஓட ஆரம்பித்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

முதலிலேயே என்றால் எப்போது? கதவு மூடியபோதா, அவள் கையைப் பிடித்தபோதா? அப்போதெல்லாம் எனக்கே எதுவும் தெரியாதே என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சமாதானம் ஆகியிருப்பாளா என்றும் தெரியவில்லை. தங்கை வீட்டில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்க வேண்டிய விஷயமா என்று கேட்டேன். "பின்ன என்னக்கா?" என்றாள். நான் எழுந்து ரசத்தில் தண்ணீர் ஊற்றப் போனேன்.

மறுநாள் அதே பஸ்ஸில் அந்தப் பெண் இருந்தாள். பாப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவால்ல" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய் நின்றுகொண்டாள்.