பட்டாணியின் மதியச் சாப்பாடு

தீபாவளி முடிந்த கையோடு, செங்கல்பட்டு கால்நடை டாக்டரிடம் எங்களுக்குச் செம டோஸ் விழுந்தது.

எங்கள் பொமரேனியனின் பெயர் பட்டாணி. பெயருக்கேற்ற உருவம்தான்... ஒரு காலத்தில்! எடை பார்த்த டாக்டர், அதன் பின்னங்காலை மெல்ல மடக்கி நீட்டினார். முனகியது. சின்ன ஜாதி நாய்களுக்கு முழங்கால் சில்லு சுலபமாக நழுவும், எடை இன்னும் ஏறினால் ஆபரேஷன்தான் என்றார். பிறகு, "யாருங்க சாப்பாடு போடறது?"

என் மனைவி வசந்தி என்னைப் பார்த்தாள். நான் வசந்தியைப் பார்த்தேன்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுவது பட்டாணி ஒன்றுதான். வேகவைத்த கோழி, கேரட், பூசணி, கொஞ்சம் சோறு. காலையும் இரவும் கப்பில் அளந்து வைப்போம். உப்பு, எண்ணெய் கிடையாது. அப்புறம் எப்படி எடை ஏறும்? ஊரப்பாக்கத்தில் எங்கள் வீடு வரும்வரை காரில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே வந்தோம். திருட்டுத்தனமாக பிஸ்கட் போடுவது நான்தான் என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கு அவள் மேல்!

மறுநாள் லீவு போட்டேன் — துப்பறியத்தான். மதியம் பட்டாணி சோம்பல் முறித்து, கேட் இடுக்கில் புகுந்து, நொண்டிக்கொண்டே பக்கத்து வீட்டுக்குப் போனது. பின்னாலேயே போனேன்.

அது ஸ்டெல்லா அக்கா வீடு. ஷேர் ஆட்டோ ஓட்டிய அவர் கணவர் போன வருடம் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. சமையலறைத் தரையில் இரண்டு தட்டுகள். ஒன்றின் முன் அக்கா, இன்னொன்றின் முன் எங்கள் பட்டாணி. மீன் குழம்புச் சோறு, வெங்காயத்தோடு.

என்னைப் பார்த்து அக்கா சிரித்தார். "ஒரு ஆளுக்கு ஆக்க வரல தம்பி எனக்கு. அவரு போயும், கை ரெண்டு ஆளுக்குத்தான் அரிசி அள்ளுது. இதுவாச்சும் கூட குந்திகினு துன்னுது."

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். 'சாப்பிட்டியா?' என்று கேட்பதை விட்டால் பாசத்தைக் காட்ட நமக்கு வேறு வழி தெரிவதில்லை. பாவம், மாட்டிக்கொள்வது இந்தக் குட்டி வயிறுகள்.

வசந்தியிடம் மட்டும் சொன்னேன்; கேட் இடுக்கை அட்டை வைத்து அடைத்தோம். கோழைத்தனம்தான்... பட்டாணி அட்டையின் முன்னால் உட்கார்ந்து அழுதது. அளந்து வைத்ததைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அதற்கடுத்த நாள் அக்காவே தட்டோடு வந்துவிட்டார். புள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இனியும் மறைக்க முடியுமா? வசந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் சொன்னாள்: கால், எடை, நாய்க்கு உப்பும் காரமும் ஆகாது, வெங்காயம் விஷம்.

அக்கா தட்டை முந்தானையால் மூடினார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். அன்று எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் கேட்டுக்கு வெளியே அவர் குரல். "அது இன்னா துன்னலாம்னு சொல்லு தம்பி. அதையே ஆக்கறேன்."

அட்டையை எடுத்தோம். எங்கள் வீட்டு அளவைக் குறைத்து, மீதியை அக்காவின் மதியக் கணக்கில் விட்டோம். மாமல்லபுரம் பக்கமிருந்து பைக்கில் வரும் மீன்காரரிடம் சங்கரா வாங்கி, வேகவைத்து, விரலால் தடவித் தடவி முள் எடுப்பார் அக்கா. கூடவே பூசணி, கொஞ்சம் சோறு.

சில மாதங்கள் கழித்து, போன சனிக்கிழமை மறுபடி டாக்டர். எடை இறங்கிவிட்டது, ஆபரேஷன் வேண்டாம் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. திரும்பியதும் அக்காவிடம் சொல்ல ஓடினேன்.

பட்டாணி எனக்கு முன்பே ஓடி, தன் தட்டின் முன் உட்கார்ந்துவிட்டது. இரண்டு தட்டிலும் அதே வெள்ளை மீன், அதே பூசணி. உங்களுக்காவது குழம்பு வைத்துக்கொள்ளக் கூடாதா அக்கா என்றேன்.

"அது பத்தியம் துன்றப்போ, எதிர்ல குந்திகினு நான் கொழம்பு ஊத்திக்கினா, அது மூஞ்ச எப்படி தம்பி பாக்கறது?"

அந்த வீட்டில் இன்றும் இரண்டு பேருக்குத்தான் சமையல் — உப்பில்லாமல்!