பட்டணத்துப் பாட்டை எந்தக் கதவுல பாடுறது?

ஏதென்ஸ்ல ஃபாலிரோ பக்கம் சோஃபாவுக்கு உறை தைக்கிற ப்ரொத்ரொமோஸுக்கு மூக்குன்னா அப்படி ஒரு மூக்கு. ஆளு தெருமுனை திரும்புறதுக்குள்ள மூக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடிச்சிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திநாலுல, "உன் பாஸ்போர்ட்டு கிரேக்கம், கிளம்பு"ன்னு துருக்கி சர்க்கார் கான்ஸ்டான்டினோபிள்ல இருந்து, அதாவது கிரேக்க ஜனங்க வெறும் 'பட்டணம்'னே சொல்ற இஸ்தான்புல்ல இருந்து, விரட்டினப்போ, அந்த மூக்கையும் ஒரு பெட்டியையும்தான் கொண்டுபோக விட்டாங்க. தங்கச்சி எவாந்தியா துருக்கிப் பாஸ்போர்ட்டுக்காரனைக் கட்டினதால அங்கயே நின்னுட்டா.

வந்த ரெண்டாவது வருஷம், டிசம்பர் கடைசி நாள் காலை. பிள்ளைங்க வீடு வீடாப் போய், "பாடட்டுமா?"ன்னு கேட்டு, புதுவருஷத்துக்காக பசில் சாமியார் பாட்டைப் பாடுற நாள். நம்ம ஆளுக்கு வயசு நாப்பத்தாறு. இருந்தாலும் ஒரே ஒரு வீட்டுலயாவது பாடிடணும்னு கிளம்பிட்டான். பாட்டு அவன் ஊர்ப் பாட்டாச்சே. ராஜாக்கள் இருந்த காலத்துல, ஒரு ஏழைப்பய அரண்மனைப் பொண்ணுகிட்ட நேரா பேச முடியாம, ஒரு வரி சாமியாருக்கு, ஒரு வரி அவளுக்குன்னு கட்டினதாம். அதுவும் பட்டணத்துல இவங்க இருந்த தெருவுலயேதானாம், சத்தியம் பண்ணுவான்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான்.

"பாடட்டுமா, கல்லிரோயி அக்கா?"

"வேற ஆளுங்க பாடிட்டுப் போயிட்டாங்கப்பா."

"இது எங்க பட்டணத்துல பொறந்த பாட்டுக்கா. அங்க பொறந்தவன் வாயால ஒரு தடவ கேளுங்களேன்."

"அப்ப அங்கயே போய்ப் பாட வேண்டியதுதானே." கதவைச் சாத்திட்டு உள்ள புருஷன்கிட்ட சொன்னா: "அந்தத் துருக்கிக்காரன் விதையில முளைச்சதுதான். நமக்கே பண்டிகை சொல்லித்தர வந்திருக்கு."

இன்னும் பத்துக் கதவு. பத்துலயும், வேற ஆளுங்க பாடிட்டாங்க.

நேரா டெலிபோன் ஆபீசுக்குப் போனான். ரெண்டு மணி நேரம் காத்துக் கிடந்து தங்கச்சியைப் பிடிச்சான்.

"எவாந்தியா, ரிசீவரைக் காதோட ஒட்டி வச்சுக்க. பாட்டு வருது."

"பாடாதண்ணே." குரல் எறும்பு பேசுற மாதிரி இருந்துச்சு. "வீட்டுக்கார அம்மா பக்கத்துலயே நிக்குறா. கிரேக்கம் காதுல விழுந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவா. துருக்கியில பேசு."

ப்ரொத்ரொமோஸ் பாட்டை வாய்க்குள்ளயே முழுங்கினான்.

"அங்க மழையா?"ன்னான், துருக்கியில.

"நல்ல மழைண்ணே. அங்க?"

"இங்கயும் மழைதான்," வெயில் பல்லைக் காட்டிக்கிட்டிருந்த ஏதென்ஸ்ல நின்னு சொன்னான். லைன் அறுபடுற வரைக்கும் ரெண்டு பேரும் பெய்ய வச்ச மழையில, ரெண்டு ஊரும் கூரை வரைக்கும் முழுகிப் போயிருக்கணும்.