நைனாவை அனுப்பிவைத்த நாள்

செஞ்சிக் கடைத்தெருவில் என் அம்மாவின் முழங்கைக்கு வைத்தியம் சொல்லாதவர்கள் இல்லை. யாருக்கு எதைக் கொடுத்தாலும் அம்மா வலது கையை நீட்டி, இடது கையால் அதன் முழங்கையைத் தாங்கிக்கொள்வாள். பர்மாவில் அது மரியாதை. இங்கே அது வலி. "இன்னாம்மே, உங்க அம்மாவுக்கு அந்தக் கை இன்னும் சரியாவலியா? நல்லெண்ணெ காய்ச்சித் தடவு" என்று மளிகைக்கடைக்காரர் போன வாரமும் அக்கறையோடு சொன்னார். மரியாதைக்காக என்று விளக்கிப் பார்த்தேன். "மரியாதைக்கு எதுக்கும்மா முழங்கைய புடிக்கணும்?" என்றார். கேட்டது நியாயம்தான். எண்ணெய் தடவுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அறுபத்து நான்கில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பீர்கள். நாங்கள் மூன்று பேர் வந்தோம். நைனா, என் அப்பா, இந்த ஊர்க்காரர். ரங்கூனில் முப்பது வருஷம் மர டிப்போவில் வேலை பார்த்தவர். அம்மா பர்மியப் பெண். நான் ரங்கூன் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அங்கே நான் 'நைனா' என்று கூப்பிட்டால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். இங்கே எல்லோரும் நைனா என்கிறார்கள், ஆனால் நான் வாயைத் திறந்தால் நைனாவின் தங்கையான என் அத்தையே சிரிக்கிறாள். "ரேடியோவுல சேதி படிக்கிற மாதிரி இருக்குது" என்கிறாள். அங்கே அரைத் தமிழச்சி, இங்கே அரைப் பர்மாக்காரி. அம்மாவுக்கு அந்த அரையும் இல்லை. வா, போ, சோறு, போதும் என்ற நான்கு சொற்களோடு அவள் இந்த ஊரில் குடித்தனம் செய்கிறாள். வந்த அன்று ராஜகிரிக் கோட்டையை அண்ணாந்து பார்த்து, உச்சியில் இருக்கும் புத்த பகோடாவுக்கு எந்த வழியாக ஏறுவது என்று கேட்டாள். பகோடா இல்லாத மலையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

முப்பது வருஷமும் 'ஊருக்குப் போகணும்' என்றே சொல்லிக்கொண்டிருந்த நைனா, வந்த ஏழாம் மாதம் காய்ச்சலில் இறந்துபோனார். பதினாறாம் நாள் கருமாதியை அத்தை குறைவில்லாமல் செய்துவைத்தாள். அம்மாவுக்கு அது போதவில்லை. பொங்ஜிகளுக்கு, அதாவது புத்த பிக்குகளுக்கு, அன்னமிட்டு அந்தப் புண்ணியத்தை இறந்தவருக்குத் தாரை வார்த்துக் கொடுத்தால்தான் உயிர் வீட்டை விட்டுப் புறப்படும் என்பது அவர்கள் வழக்கம். ஏழு நாளில் முடிய வேண்டியது. நைனா இன்னும் வீட்டுக்குள்ளேயே தவிக்கிறார், வழி வேண்டும் என்று அம்மா தெருக்கதவை மூடவே விடவில்லை. சாப்பாடும் பாதியாகிவிட்டது. செஞ்சியில் பொங்ஜிக்கு நான் எங்கே போவேன்?

அத்தைதான் சொன்னாள். "சித்தாமூர்ல ஜைனருங்க மடம் இருக்குது. சாமியாரு இருக்காரு. சாமியும் கண்ண மூடிகினு ஒக்காந்திருக்கும். அண்ணிய இட்டுகினு போயேன், மனசு ஆறும்." இதை அம்மாவுக்குச் சொல்லும்போது நான் பாதியை விழுங்கிவிட்டேன். ஜைனர் என்பதற்கு எனக்குப் பர்மிய மொழியில் சொல் தெரியாது. மடம், சாமியார், கண்மூடி அமர்ந்த சாமி என்று மட்டும் சொன்னேன். அம்மாவின் முகத்தில் பல நாட்களுக்குப் பின் ரத்தம் ஓடியது. அதைப் பார்த்த பிறகு மீதியைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பஸ் தாமதம். பொங்ஜிகள் உச்சிப்பொழுதுக்குப் பிறகு உண்ணமாட்டார்கள் என்று அம்மா வழியெல்லாம் பதறினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. உள்ளே பத்மாசனத்தில் இருந்த தீர்த்தங்கரரைக் கண்டதும் அம்மா மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மூன்று முறை விழுந்து, 'நமோ' என்று தொடங்கும் பாலி வந்தனையைச் சொன்னாள். அவளுக்கு அது புத்தர்தான். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "எங்க மந்திரமும் நமோன்னுதான் தொடங்கும்" என்று சந்தோஷப்பட்டார். அவரே எங்களை மடத்து வாசலுக்கு அழைத்துப் போனார். அங்கேதான் அம்மா தூக்குப் பாத்திரத்தைத் திறந்தாள். சோறு, அதன்மேல் வறுத்த கருவாடு. நைனாவுக்குப் பிடித்தது அதுதான். இறந்தவருக்குப் பிடித்ததைத்தானே படைப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வாசனை எந்நேரமும் இருப்பதால் காலையில் என் மூக்குக்கு உறைக்கவே இல்லை.

பெரியவர் இரண்டடி பின்னால் போனார். கோபப்படவில்லை. "அத மூடும்மா. நாங்க எறும்புக்குக்கூட தீங்கு நெனைக்கமாட்டோம்."

"மன்னிச்சுடுங்க. எங்க ஊர்ல பிக்குகள் எதைக் கொடுத்தாலும் வாங்கிப்பாங்க."

"எந்த ஊரு உங்க ஊரு?"

நான் தூக்குப் பாத்திரத்தை மூடினேன். அம்மா என் கையைப் பிடித்து, என்ன சொல்கிறார் என்று பர்மிய மொழியில் கேட்டாள். "உச்சி தாண்டிவிட்டதாம்" என்று பொய் சொன்னேன். அவள் தலை தொங்கிப்போனது. "என் தப்புதான், பிந்திவிட்டேன்" என்றாள். அவள் தப்பு என்று அவளே ஏற்றுக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆனாலும் அவள் அங்கிருந்து கிளம்பவில்லை. வணங்கிய புண்ணியமாவது அவருக்குப் போகட்டும் என்று, கொண்டுவந்திருந்த சொம்பிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தரையில் வார்த்தாள். பெரியவர் கூர்ந்து பார்த்தார். "தாரை வாக்குறாங்களா? யாருக்கு?"

"எங்க நைனாவுக்கு. சுத்தி இருக்கிறவங்க மூணு தரம் சாதுன்னு சொன்னாத்தான் முடியும். நல்லதுன்னு அர்த்தம்."

அவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார். "சாது, சாது, சாது." கருவாட்டைக் கண்டு விலகிய அதே மனிதர்தான். கருமாதியன்று கண்ணீர் விடாத அம்மா, அவர் காலடி மண்ணில் குப்புற விழுந்து அழுதாள்.

வீடு திரும்பியதும் தெருக்கதவை அவளே மூடித் தாழிட்டாள். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அனுப்பிவிட்டேன்" என்றாள். "கடல் தாண்டியிருப்பார். இனி நம் ரங்கூன் வீட்டில் நிம்மதியாக இருப்பார்."

"இன்னா சொல்றாங்க அண்ணி?" என்றாள் அத்தை.

"நைனாவுக்கு இனிமே ஒரு குறையுமில்லைன்னு சொல்றாங்க."

"எப்டி இருக்கும்? பொறந்த மண்ணுல வந்து கண்ண மூடிட்டாரு. இங்கயேதான் இருப்பாரு எங்க அண்ணன்."

அத்தை என்ன சொன்னாள் என்று அம்மா கேட்டாள். உன்னைப் போலத்தான் சொல்கிறாள் என்றேன். நாத்தனாரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். வந்த நாளிலிருந்து இருவரும் ஒத்துப்போனது அன்றுதான். நான் மூடிய கதவில் சாய்ந்து நின்றேன். நைனா இந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று என்னிடம் கேட்க அந்த வீட்டில் யாருமில்லை.