ஒரே வாளியில் ஆறு வீல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் பதுளைப் பக்கத்துத் தேயிலை பெக்டரிகளில் என் கை படாத மோட்டர் குறைவு. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மெஷினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தால் போதும், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்தக் காதை நம்பித்தான் ஓய்வு பெற்றதும் இரத்தினக் கல்லைப் பட்டை தீட்டும் தொழிலில் இறங்கினேன்.

கண் மங்கித் தொழிலை விட்ட ஒரு பெரியவர் பெரகலையில் தன் பழைய மெஷினை விற்றார். போய்க் காதை வைத்தேன். மோட்டர் அருமை. கரடு வீலிலிருந்து பொலிஷ் போடும் கம்பளி ஃபெல்ட் வரை ஆறு வீல். ஒவ்வொன்றும் ஒரு அழுக்கு ஷொப்பிங் பேக்கில் தனித்தனியாக இருந்தது.

"என்னண்ணே, இப்படி அழுக்கா வச்சிருக்கீங்க?"

"இருக்கட்டும் தம்பி. எந்தப் பையில எடுத்தீங்களோ அதுலயே திருப்பிப் போடுங்க."

"முப்பது வருஷம் பெக்டரியில இருந்தவன்ணே. எனக்கா சொல்றீங்க?"

அவர் காசை எண்ணி மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், தோட்டத்துப் பெரிய துரை வருகிற நாளில் பெக்டரியைக் கழுவுவது போலக் கழுவினேன். ஆறு வீலையும் ஒரே வாளியில் போட்டு, சவர்க்காரத் தூள் கொட்டி, ஒரே பிரஷ்ஷால் தேய்த்தேன். பைகளை எரித்தேன்.

முதல் ஓடர் பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவரிடமிருந்து வந்தது. மொனராகலையில் அவருடைய வாப்பா கிணறு வெட்டும்போது கிடைத்த படிகக் கல்.

"வாப்பாட ஞாபகத்துக்கு இது ஒண்டுதான் ஈக்கி. மோதிரத்துல வைக்கணும். பத்திரம்."

"கண்ணாடி மாதிரி தாறேன் நானா!"

பொலிஷ் போட்டேன். கல் முழுக்கக் கீறல். கீறல் போகத் தேய்த்துவிட்டு மறுபடி பொலிஷ் போட்டேன். மறுபடியும் கீறல். நான்கு நாள் இதே கதை.

என் மனைவி கல்லை எடுத்துப் பார்த்தாள். "வரும்போது பலாக்கொட்டை மாதிரி இருந்துச்சு. இப்ப கொண்டைக்கடலை. இன்னும் ரெண்டு தடவை பொலிஷ் பண்ணுங்க, திருப்பிக் குடுக்கிற வேலையே இருக்காது."

ஃபெல்ட்டைத் தூக்கிக்கொண்டு பெரகலைக்கு பஸ் ஏறினேன். என்ன திட்டுவது என்று வழி நெடுகப் பாடம் பண்ணினேன்.

"கழிச்ச வீலைக் குடுத்து ஏமாத்திட்டீங்களே அண்ணே!"

பெரியவர் ஃபெல்ட்டைக் கட்டைவிரலால் தடவினார். "இதைக் கழுவினீங்களா?"

"பின்ன! ஆறையும் ஒரே வாளியில போட்டு..."

அவர் இருமல் வரும்வரை சிரித்தார். "கரடு வீல்ல இருந்த மணலையெல்லாம் பொலிஷ் வீலுக்கு ஊட்டி விட்டிருக்கீங்க தம்பி. அப்புறம் கீறாம என்ன செய்யும்?"

உள்ளே போய், எப்போதோ வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த ஃபெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மற்ற வீல்களை ஓடுகிற தண்ணீரில், தனித்தனி பிரஷ் வைத்துக் கழுவச் சொன்னார். இந்த முறை தலையாட்டினேன்.

கல் கண்ணாடி போல வந்தது. பாதிக் கல்தான்.

"உள்ள விரிசல் இருந்துச்சு நானா, அதை எடுத்துட்டேன்" என்றேன்.

நானா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விரிசல் கல்லுலயா, உங்கட வேலையிலயா?"

வாளிக் கதையை முழுதாகச் சொன்னேன். நானா, "வாப்பா உசிரோட ஈந்தா உங்களக் கிணத்துல போட்டிருப்பாரு" என்று கல்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்போது அது அவர் சுண்டுவிரலில் இருக்கிறது. கடைப் பக்கம் போனால் விரலைத் தூக்கிக் காட்டுவார்: "கழுவித் தாறீங்களா?"

இன்று என்னிடம் ஆறு வாளி, ஆறு பிரஷ். பழைய மெஷின் வாங்கப் போகிறவர்களே, மோட்டருக்குக் காது கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. விற்கிறவருக்கும் கொஞ்சம் கொடுங்கள். ஊரே மெச்சிய என் காது அன்று பேரிங்கை மட்டும்தான் கேட்டது.